பெயர்ப்பட்டியலைத் திருப்பித் தாருங்கள்

429,059 இலிருந்து 282,380 ஐக் கழித்தால் 146,679. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை செய்கிற கணக்கு. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 ஜனவரியில் மன்னாருக்கு வந்தபோது ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை இந்தக் கழித்தலைத்தான் அவர்கள் முன்னால் வைத்தார். 2008 ஒக்டோபர் முற்பகுதியில் வன்னியில் இத்தனை பேர் என்று கச்சேரிக் கணக்குச் சொன்னது முதல் தொகை. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்ததாகச் சொல்லப்பட்டது இரண்டாவது. மிச்சப் பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். 2021 ஏப்ரல் முதலாம் திகதி அவர் கண்ணை மூடும்வரை ஒழுங்கான பதில் ஒன்று வரவில்லை.

அந்தக் கணக்கை மறுத்தவர்களும் உண்டு. நிவாரணத்துக்காகக் கூட்டிக் காட்டிய தொகை என்றார்கள். ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு, இறுதிப் போரில் இறந்தவர்கள் 40,000 வரை இருக்கலாம் என்று 2011 இல் எழுதியது. எல்லாம் மொத்தத் தொகைகள். மொத்தத்தோடு மொத்தம் மோதினால் சத்தம்தான் வரும். பட்டியல்களைப் பெயர் பெயராகத் திறந்து, அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு பொருத்திப் பார்த்தால் யார் இருக்கிறார், யார் இல்லை, யாரை இரண்டு தரம் எண்ணியிருக்கிறோம் என்று தெரியத் தொடங்கும். பெரிய விசாரணைகளைப் பற்றி எழுத என்னிலும் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது பட்டியல். அதைப் பற்றி எழுதுகிறேன்.

நான் முள்ளிக்குளத்தாள். படிப்பித்து ஓய்வு பெற்றவள். 2007 செப்டெம்பர் 8 ஆம் திகதி ஊரை விட்டு எழும்பச் சொன்னார்கள். எழும்பினோம். முருங்கன், நானாட்டான் என்று சிதறினோம். ஊருக்குள் கடற்படை தளம் அமைத்தது. 2012 இல் மலங்காட்டில் மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டோம். இன்னொரு பகுதியினர் காயாக்குழியில். 2017 மார்ச் 23 ஆம் திகதி பரலோக மாதா கோயில் பக்கம் போகிற வீதியில் உட்கார்ந்து போராடத் தொடங்கினோம். ஏப்ரல் 29 ஆம் திகதி 100 ஏக்கர் விடுவதாகக் கடற்படைத் தளபதி வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கதை பேப்பரில் நிறைய வந்துவிட்டது. வராத கதை ஒன்று இருக்கிறது. இத்தனை வருடமும் எங்களிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட பொருள் பெயர்ப்பட்டியல்.

"ரீச்சர், உங்கட ஊர் லிஸ்ட் ஒண்டு தாங்கோ." கிராம அலுவலர் கேட்பார். பிரதேச செயலகம் கேட்கும். கச்சேரி கேட்கும். வீட்டுத்திட்டக்காரர் கேட்பார், தொண்டு நிறுவனம் கேட்கும், மனித உரிமைக்காரர் கேட்பார், கொழும்பிலிருந்து வந்த ஆராய்ச்சிப் பிள்ளை கேட்கும். குடும்பத் தலைவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், அங்கத்தவர் தொகை, காணி உறுதியா அனுமதிப்பத்திரமா, கிணறு உண்டா, தென்னை எத்தனை, வள்ளம் உண்டா, கரைவலைப் பாடு யாருடையது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு படிவம். கொடுத்தோம். கொடுத்த ஒன்றாவது திருத்தப்பட்டுத் திரும்பி எங்கள் கைக்கு வந்தது என்று சொல்ல மாட்டேன். அடுத்த வருடம் புது அதிகாரி வருவார். பழைய லிஸ்டை அவருக்குத் திறக்கத் தெரியாது, அல்லது அது திறக்காது. "ரீச்சர், திரும்ப ஒருக்கா..."

ஏன் திறப்பதில்லை? இங்கேதான் நம்மில் பலருக்குச் சலிப்புத் தருகிற விஷயம் தொடங்குகிறது. கோப்பு வடிவம், எழுத்துரு, தரநிலை. இதெல்லாம் கணினிக்காரர் பிரச்சினை என்று ஒதுங்கிவிடுகிறோம். ஒதுங்கக் கூடாது என்பதற்கு என் மேசையிலேயே சாட்சி இருக்கிறது.

முதல் சாட்சி பாமினி எழுத்துரு. இலங்கையில் தமிழ் தட்டச்சுச் செய்த யாருக்கும் பாமினியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கொமினிக்கேசன் கடையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு பாமினியில் அடிக்கும். திரையில் முள்ளிக்குளம் என்று அழகாகத் தெரியும். கணினிக்குள் இருப்பது வேறு: பெரிய கே, சின்ன எஸ், அரைப்புள்ளி, திரும்பவும் எஸ், பி, எஃப், அரைப்புள்ளி, பெரிய எஃப், எஸ், கே, அரைப்புள்ளி. எங்கள் ஊரின் பெயர் என்று ஒன்று அந்தக் கோப்பில் கிடையவே கிடையாது. ஆங்கில எழுத்துகள்மேல் தமிழ் உருவங்களை ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பாமினி நிறுவாத கணினியிலோ கைத்தொலைபேசியிலோ திறந்தால், கூகிள் விரிதாளில் ஏற்றினால், ஒட்டியது கழன்று விழும். குடும்பத் தலைவர் நிரல் முழுக்க அரைப்புள்ளியாக நிற்கும். அதைப் பார்த்த அதிகாரி, "வைரஸ் பிடிச்சிருக்கு ரீச்சர்" என்றார். கோபம் வரவில்லை. அவருடைய மேலதிகாரி சிங்களத்தில் எஃப்.எம். அபயா எழுத்துருவில் அனுப்புகிற கோப்பு அவருடைய போனிலும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

இதற்கு மருந்து எப்போதோ வந்துவிட்டது. தமிழுக்கு ஒருங்குறியில், அதாவது யூனிகோட்டில், 1991 இலிருந்தே இடம் இருக்கிறது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் எஸ்.எல்.எஸ். 1326 என்று தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கு ஒரு தரநிலையை 2008 இல் எழுதி வைத்திருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010 இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி ஆணை பிறப்பித்தது. புலம்பெயர்ந்த நம்மவர்கள் எழுத்துரு மாற்றிகள் செய்து சும்மா கொடுத்தார்கள். பொங்குதமிழ் மாற்றி இல்லாவிட்டால் என் பழைய லிஸ்டுகள் பாதி செத்திருக்கும். இவ்வளவு இருந்தும் 2008 இல் பாமினியில் அடித்த பழக்கம் இன்றைக்கும் போகவில்லை. எந்த அலுவலகமும், "ஒருங்குறியில் தந்தால்தான் வாங்குவோம்" என்று ஒரு தரம்கூடச் சொல்லாததுதான் காரணம் என்பேன்.

இரண்டாவது சாட்சி இன்னும் வலி. எங்கள் பக்கம் பெயரை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. ஒரே ஊரில் எத்தனை குரூஸ், எத்தனை லெம்பேட், எத்தனை பீரிஸ். ஆங்கிலத்தில் எழுதினால் குரூஸுக்கு ஒருவர் இரண்டு ஓ போடுவார், மற்றவர் யு போட்டு இசட்டில் முடிப்பார். அதனால் அடையாள அட்டை இலக்கம்தான் முளை. அதில் கட்டினால்தான் ஒரு லிஸ்டையும் இன்னொரு லிஸ்டையும் இணைக்க முடியும். 2016 இலிருந்து வருகிற புதிய அட்டையில் 12 இலக்கம். எக்செலில் அந்த 12 இலக்கத்தையும் அப்படியே அடித்து எண்டரைத் தட்டிப் பாருங்கள். 1.98, பிறகு ஈ, ஒரு கூட்டல் குறி, 11 என்று காட்டும். அதைப் பெரிய எண் என்று எக்செல் நினைத்துக்கொண்டு சுருக்கிவிடுகிறது. நிரலை முன்கூட்டியே எழுத்து என்று குறிக்கத் தெரிந்தவர் தப்புவார். தெரியாதவர் அப்படியே சி.எஸ்.வி. ஆகச் சேமித்தால், திரையில் தெரிந்த சுருக்கம்தான் கோப்பில் போய் உட்காரும். மிச்ச இலக்கங்கள் போனது போனதுதான். கைத்தொலைபேசி இலக்கத்தின் முன்னால் இருக்கிற பூச்சியத்தையும் அது தின்றுவிடும். பெயர் உதவாது, இலக்கம் உடைந்துவிட்டது. பிறகு எதை வைத்துப் பொருத்துவது?

எக்செல் இப்படி மூக்கை நுழைப்பது எங்களுக்கு மட்டும் நடக்கிற கொடுமை இல்லை. மரபணுக்களுக்கு வைத்திருந்த சுருக்கப் பெயர்கள் சிலவற்றை அது மார்ச், செப்டெம்பர் என்று திகதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், விஞ்ஞானிகள் 2020 இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள். எக்செலை மாற்றுவதைவிட உயிரியலை மாற்றுவது லேசாக இருந்திருக்கிறது. அதே வருடம் இங்கிலாந்தில் கொரோனாத் தொற்றாளர் பட்டியலை எக்ஸ்.எல்.எஸ். என்ற பழைய வடிவத்தில் வாங்கினார்கள். அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிதான். நிரம்பிய பிறகு வந்தவை விழுந்துபோயின. செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரை 15,841 பேரின் பெயர் கணக்கில் ஏறாமல் கிடந்தது. அவர்களோடு பழகியவர்களை எச்சரிக்கும் வேலையும் பிந்தியது. வசதியான நாடு, வசதியான திணைக்களம். பழைய வடிவம் ஒன்று போதுமாக இருந்தது.

இனி கோப்பு வடிவங்களைப் பற்றிய பெரிய சண்டைக்கு வருகிறேன். விரிதாள் 1979 இல் விசிகால்க்கோடு பிறந்தது. 1983 இல் லோட்டஸ் 1-2-3 வந்து ஆண்டது. பிறகு எக்செல். ஒவ்வொருவரும் தங்கள் கோப்பைத் தங்கள் மென்பொருள் மட்டும் முழுதாகப் படிக்கிற மாதிரி வைத்திருந்தார்கள். பெட்டி உங்களுடையது, உள்ளே இருக்கிற உடுப்பு உங்களுடையது, திறப்பு மட்டும் கடைக்காரனிடம். லோட்டஸ் 1-2-3 க்கான ஆதரவை ஐ.பி.எம். 2014 இல் நிறுத்தியபோது திறப்பும் கடைக்காரனும் சேர்ந்து போனார்கள்.

இதை மாற்ற ஓ.டி.எஃப். என்ற திறந்த ஆவண வடிவம் 2005 இல் தரநிலையாக எழுதப்பட்டு, 2006 இல் ஐ.எஸ்.ஓ. அங்கீகாரமும் பெற்றது. யாரும் படிக்கலாம், யாரும் அதற்கு மென்பொருள் எழுதலாம். மைக்ரோசொஃப்ட் சும்மா இருக்கவில்லை. தன்னுடைய வடிவத்தையே ஆறாயிரம் பக்கத்துக்கு மேல் விவரித்து, இதையும் தரநிலை ஆக்குங்கள் என்று விரைவு வழியில் கொண்டுவந்தது. முதல் வாக்கெடுப்பு 2007 செப்டெம்பர் 2 ஆம் திகதி முடிந்தது. போதிய வாக்கு விழவில்லை. சுவீடனில், தன் பங்காளிக் கம்பனிகளுக்குச் சலுகை காட்டுவதாக மைக்ரோசொஃப்ட் ஊழியர் ஒருவர் எழுதிய கடிதம் வெளியே வந்தது; அந்த நாட்டின் வாக்கும் செல்லாமல் போனது. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. 2008 இல் நடந்த அடுத்த சுற்றிலும் எதிர்த்தது. அந்தச் சுற்றில் அது நிறைவேறியது. இந்தியா, தென்னாபிரிக்கா, பிரேசில், வெனிசுவேலா நான்கும் மேன்முறையீடு செய்தன. தள்ளுபடி. நோர்வேயில் கணினிக்காரர்கள் பதாகையோடு வீதிக்கு இறங்கினார்கள்.

கோப்பு வடிவத்துக்காக வீதியில் இறங்கினார்கள் என்று வாசித்தபோது முதலில் சிரித்தேன். பிறகு திகதியைப் பார்த்தேன். அந்த முதல் வாக்கெடுப்பு முடிந்து ஆறாம் நாள்தான் எங்களை ஊரைவிட்டு எழுப்பினார்கள். ஒன்றுக்கொன்று ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்களைப் பற்றி அடிக்கப்பட்ட ஒவ்வொரு பட்டியலும் எந்தப் பெட்டிக்குள் போகும் என்று அந்த வாரத்தில் எங்கோ கைதூக்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம்? திறந்த வடிவத்தின் பக்கம். ஆனால் அந்தப் பக்கத்துத் தீவிரவாதிகளோடு முழுதாக ஒத்துப்போக மாட்டேன். ஓ.டி.எஃப். முதலில் வந்தபோது விரிதாளின் சூத்திரங்களை எப்படி எழுதுவது என்றே அதில் வரையறுக்கவில்லை. 2011 இல் 1.2 பதிப்பு வந்த பிறகுதான் அது சரியானது. விரிதாளுக்குத் தரநிலை எழுதி, கூட்டலையும் கழித்தலையும் பிறகு பார்ப்போம் என்று விட்டிருந்தார்கள்! மறுபக்கம், மைக்ரோசொஃப்ட்டின் எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். இன்றைக்கு ஐ.எஸ்.ஓ. 29500 என்ற தரநிலைக்குள் வருகிறது. லிப்ரே ஒபிஸ் அதை நன்றாகவே திறக்கும். என் மடிக்கணினியில் இருப்பது லிப்ரே ஒபிஸ்தான். காசு இல்லை, களவும் இல்லை. கொமினிக்கேசன் கடைக் கணினிகளில் ஓடுகிற எக்செலில் எத்தனை காசு கொடுத்து வாங்கியது என்று கடைக்காரரைக் கேட்காதீர்கள், பாவம். எக்செல் படிவத்தில்தான் தர வேண்டும் என்று அரச அலுவலகம் ஒன்று கேட்கும்போது, வாங்கு அல்லது களவெடு என்று குடிமகனிடம் சொல்கிறது. பிரித்தானிய அரசு 2014 இல், திருத்திப் பகிர வேண்டிய கோப்புகளுக்கு ஓ.டி.எஃப். என்று முடிவெடுத்தது இந்தக் காரணத்துக்கும்தான். இந்திய மத்திய அரசும் 2010 இல் திறந்த தரநிலைக் கொள்கை ஒன்றை அறிவித்தது.

இன்னொரு சின்ன விஷயம், காணிக்காரருக்கு. எக்செலின் காலண்டர் 1900 இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய நாளை அது திகதி என்றே ஏற்காது. போதாக்குறைக்கு, 1900 பெப்ரவரியில் 29 ஆம் திகதி ஒன்று இருந்ததாக நம்புகிறது. லோட்டஸ் விட்ட பிழையை ஒத்துப்போக வேண்டும் என்று அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். பாட்டனின் உறுதியில் 1898 ஆம் ஆண்டுத் திகதி இருந்தால் எக்செலில் அதைத் திகதியாக வரிசைப்படுத்த முடியாது. லிப்ரே ஒபிஸ் மறு பேச்சில்லாமல் ஏற்கும்.

ஆனால் எங்களுக்கு எதிரி எக்செல் என்று நான் சொல்ல வரவில்லை. ஓ.டி.எஃப். விரிதாளான ஓ.டி.எஸ்ஸா, எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸா என்று சண்டை போடுகிற நிலைக்கே நாங்கள் இன்னும் வரவில்லை. எங்கள் கைக்கு வருவது அச்சடித்து, கையெழுத்து வைத்து, முத்திரை குத்தி, திரும்ப ஸ்கேன் பண்ணிய பீ.டி.எஃப். அதையும் விடக் கீழே ஒன்று உண்டு. அதிகாரி தன் கணினித் திரையைக் கைத்தொலைபேசியால் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போடுவார். படத்தின் ஓரத்தில் அவருடைய தேநீர்க் கோப்பையும் தெரியும். "பேர் இருக்கா எண்டு பாத்துச் சொல்லுங்கோ ரீச்சர்." நான் விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்ப்பேன். அவருடைய கணினியில் அது வரிசையும் நிரலுமாகத் தேடக்கூடிய அட்டவணை. என் கைக்கு வரும்போது படம். பீ.டி.எஃப். கூட 2008 முதல் ஐ.எஸ்.ஓ. தரநிலைதான், திறந்த வடிவம் என்ற பட்டம் அதற்கும் உண்டு. பட்டம் இருந்து என்ன, ஒரு பெயரைத் தேட முடியாது, ஒரு பிழையைத் திருத்த முடியாது.

காணி விஷயத்தில் இது எழுத்துப் பிழையோடு நிற்பதில்லை. நாங்கள் வீதியில் உட்கார்ந்த அடுத்த நாள், 2017 மார்ச் 24 ஆம் திகதி, அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரஷ்யாவில் இருந்தபடி மாவில்லு வன ஒதுக்கத்துக்கான வர்த்தமானியில் கையொப்பமிட்டார். நாற்பதாயிரம் ஹெக்டேயருக்கு மேல். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளிப் பக்கத்து முஸ்லிம் சனம் 1990 இல் புலிகளால் துரத்தப்பட்டு, திரும்பி வந்து காடு வெட்டியபோது, இது உங்கள் காணி இல்லை, காடு என்ற பதில்தான் கிடைத்தது. வர்த்தமானியின் அட்டவணையில் எல்லை எழுதப்படுகிறது. அதை எடுத்து வரைபடத்தில் போட்டு, என் வளவு உள்ளேயா வெளியேயா என்று பார்க்க ஒரு குடியானவருக்கு என்ன வழி? பீ.டி.எஃப்பைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்ப அடிக்க வேண்டும். அடிக்கும்போது ஓர் இலக்கம் பிழைத்தால் வளவு கடலுக்குள் போய்விடும். எல்லை போட்ட திணைக்களத்திடம் அது கோப்பாக இருக்கத்தானே வேண்டும்? அந்தக் கோப்பைப் போட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும்?

கொடுத்தால் பிழை பிடிப்பார்கள் என்ற பயம். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பயம் நியாயமானதுதான், பிடிப்பார்கள். ஹார்வர்ட் பொருளியலாளர்கள் கார்மன் ரைன்ஹார்ட், கெனத் ரோகோஃப் இருவரும் 2010 இல், கடன் நாட்டு வருமானத்தின் 90 வீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி விழுந்துவிடும் என்று எழுதினார்கள். உலகமெல்லாம் செலவு வெட்டியவர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். தொமஸ் ஹேர்ண்டன் என்ற மாணவன் அவர்களுடைய விரிதாளைத் தாருங்கள் என்று கேட்டான். கொடுத்தார்கள், அது அவர்களுடைய பெருந்தன்மை. சராசரி எடுத்த சூத்திரம் ஐந்து வரிக்கு முன்னாலேயே நின்றுவிட்டிருந்தது. ஐந்து நாடுகள் கணக்கிலேயே இல்லை. அதையும் வேறு சில தெரிவுகளையும் சரிசெய்தபோது, மைனஸ் 0.1 என்றிருந்த சராசரி வளர்ச்சி 2.2 ஆனது. அச்சிட்ட கட்டுரையை எத்தனை பேர் எத்தனை தரம் வாசித்தாலும் அந்தப் பிழை தெரிந்திருக்காது. கலத்துக்குள் கையை வைத்தவனுக்குத்தான் தெரிந்தது.

எங்கள் ஊர் லிஸ்டிலும் அப்படித்தான். இறந்த மனிதர் குடும்பத் தலைவராகவே இருப்பார். கட்டிக்கொண்டு வேறு குடும்பமான பிள்ளை தகப்பன் வரியிலேயே தொங்கும். அதற்குத் தனி வீடு கிடைக்காது. மன்னாரில் உட்கார்ந்திருக்கிற அதிகாரிக்கு இது தெரிய நியாயமில்லை. மலங்காட்டில் ஒரு பின்னேரம் நாலு பெண்களைக் கூட்டி வைத்து, மடிக்கணினியை நடுவில் வைத்தால் இருட்ட முன்னர் திருத்திவிடுவோம். கோப்பைத் தந்தால்.

இந்த நாட்டுக்கு இது முடியாத காரியமும் இல்லை. 2004 டிசெம்பர் 26 இல் கடல் எழும்பிய சில வாரங்களுக்குள், காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிவு செய்ய 'சஹானா' என்ற மென்பொருளை லங்கா மென்பொருள் மன்றத்தோடு சேர்ந்த இலங்கை இளைஞர்கள்தான் எழுதினார்கள். திறந்த மூலம், யாரும் எடுத்துப் பாவிக்கலாம். அடுத்த வருடப் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கு அதைக் கொண்டுபோனார்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று அது உலகம் சுற்றியது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது 2006 க்கு அதற்கே கிடைத்தது. அதை எழுதிய நாட்டில்தான் நான் இன்னும் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் பெயர் தேடுகிறேன்.

சட்டமும் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. கணினியில் இருக்கிற தகவலை மின் வடிவிலேயே பெறுகிற உரிமையை அதன் 27 ஆம் பிரிவு தருகிறது. ஆகவே விண்ணப்பம் எழுதுகிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை: "தகவல் தருக" என்று மட்டும் எழுதாதீர்கள். "அலுவலகக் கணினியில் உள்ள அட்டவணையாகவே தருக, ஸ்கேன் வேண்டாம்" என்று எழுதுங்கள். கேட்காததைத் தரும் அலுவலகம் எந்த நாட்டிலும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு தடை போட வேண்டியிருக்கிறது. நான் திறந்த கோப்பு என்கிறேன், திறந்த வீடு என்று சொல்லவில்லை. கொஞ்சக் காலமாகப் புதுப் பழக்கம் ஒன்று வந்திருக்கிறது: கூகிள் விரிதாளைத் திறந்து, இணைப்பு உள்ள யாரும் திருத்தலாம் என்று வைத்து, அந்த இணைப்பை வட்ஸ்அப் குழுவில் எறிந்துவிடுவது. பெண் தலைமைக் குடும்பம் எது, எந்த வீட்டில் பிள்ளை காணாமல் போனது, யாருக்கு உடம்பில் காயம், போன் இலக்கம் என்ன, எல்லாம் ஒரே தாளில். முகாமுக்குப் பக்கத்தில் குடியிருக்கிற சனத்துக்கு இது விளையாட்டு இல்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதும் இதற்குத்தான். வடிவம் எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கிற பெயர் அந்தப் பெயருக்குரியவருக்கும் பொறுப்பானவருக்கும் மட்டும் தெரிய வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான், "தனிப்பட்ட தகவல், தர முடியாது" என்று எங்களுடைய பெயரையே எங்களுக்கு மறுக்கிறார்கள். எங்கள் தொலைபேசியை மட்டும் எல்லாத் தொண்டு நிறுவனமும் வைத்திருக்கிறது. தவிரவும், எங்கள் கரையில் சிக்னல் காற்றைப் போல, வந்தால் வரும். இணையத்தில் மட்டும் உயிர் வாழ்கிற விரிதாள் எங்களுக்குப் பாதி நாள் செத்த விரிதாள். பென்ட்ரைவில் கொண்டுபோகிற கோப்புக்கு அந்தக் கரைச்சல் இல்லை.

ஆகவே மன்னார் மாவட்டச் செயலகத்துக்கும் முசலிப் பிரதேச செயலகத்துக்கும் இந்தப் பத்திரிகை வழியாக என் கோரிக்கை. தமிழ், சிங்களம் எதுவானாலும் ஒருங்குறியில் அடியுங்கள். அடையாள அட்டை நிரலை எழுத்து என்று குறித்துவிட்டு அடியுங்கள். ஒரு கிராமத்தைப் பற்றிய பட்டியலை முடிவாக்கு முன், அதை ஓ.டி.எஸ். கோப்பாக அந்தக் கிராமத்துச் சங்கத்துக்கு அனுப்பி, திருத்துவதற்கு இரண்டு கிழமை கொடுங்கள். எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். என்றாலும் வாங்கிக்கொள்வோம், சண்டை இல்லை. ஸ்கேன் வேண்டாம், திரைப் படம் வேண்டவே வேண்டாம். இதற்குப் புது மென்பொருள் வேண்டாம், வெளிநாட்டு நிதி வேண்டாம், பயிற்சிப் பட்டறையும் மதியச் சாப்பாடும் வேண்டாம். 'இவ்வாறு சேமி' என்ற பொத்தானில் ஒரு தெரிவை மாற்றினால் போதும்.

முள்ளிக்குளம் லிஸ்ட் என்னிடம் இருக்கிறது. ஒருங்குறியில், வரி வரியாக, கடைசியாகப் பிறந்த பிள்ளை வரைக்கும். அடுத்து கேட்டு வருகிறவருக்கு அன்றைக்கே தருவேன். திருத்திய பிரதியை எந்தத் திகதிக்குள், எந்த வடிவத்தில் திருப்பித் தருவீர்கள் என்று முதலில் எழுத்தில் தர வேண்டும்.